1920லயும் 1937லயும் "மக்கள்" ஓட்டு போட்டாங்கன்னு சொல்றோமே, அந்த மக்கள் யாரு?

என் சித்தி பையன் குரூப் 2வுக்கு படிச்சிட்டு இருக்கான், சேலம் அழகாபுரத்துல நாலு பசங்களோட ரூம் எடுத்து தங்கியிருக்கான், போன மாசம் வீட்டுக்கு வந்தப்ப சும்மா கேள்வி கேட்டுட்டு இருந்தேன். 1920 சென்னை மாகாணத் தேர்தல்ல நீதிக்கட்சிக்கு, அதாவது பிராமணரல்லாதவங்களுக்காக ஆரம்பிச்ச கட்சிக்கு, எத்தனை சீட்டுன்னா டக்குனு 98க்கு 63ங்கறான். 1937ல காங்கிரசுன்னா 215க்கு 159. எல்லாம் கரெக்ட். சரிடா, 1920ல நம்ம ஆயாவோட அம்மா யாருக்கு ஓட்டு போட்டிருப்பாங்கன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "நீதிக்கட்சிக்குத்தான் இருக்கும்ண்ணா"ன்னான்.

அவங்க ஏற்காட்டுல எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிச்சவங்க. அவங்களுக்கு ஓட்டே கிடையாது.

தப்பு அவன் மேல இல்ல, நம்ம பேசற விதமே அப்படித்தான் இருக்கு. "1920லயே மக்கள் எங்களுக்கு தீர்ப்பு குடுத்துட்டாங்க"ன்னு ஒரு பக்கம் சொல்றாங்க, "1937ல மக்கள் துடைச்சு எறிஞ்சுட்டாங்க"ன்னு இன்னொரு பக்கம் சொல்றாங்க, கேக்கறவங்க இன்னைக்கு நம்ம ஸ்கூல்ல க்யூல நின்னு மை வெச்சுக்கற தேர்தலையே மனசுல வெச்சுக்கறாங்க. அந்தக் காலத்து தேர்தல் பத்தி யார் என்ன சொன்னாலும் ரெண்டே கேள்வி கேட்டா போதும். யாருக்கு ஓட்டு இருந்துச்சு? ஜெயிச்சவங்களால என்ன செய்ய முடிஞ்சுச்சு? இந்த ரெண்டையும் ஒண்ணொண்ணா பாக்கலாம்.

முதல்ல ஒரு வார்த்தை. மாகாணம்னா வெள்ளைக்காரன் ஆட்சில ஒரு கவர்னர் கீழ இருந்த பெரிய நிலப்பரப்பு. சென்னை மாகாணம்னா இன்னைக்கு தமிழ்நாடு மட்டும் இல்ல, ஆந்திராவோட பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. சேலம் ஜில்லாவும் இன்னைக்கு இருக்கற சைஸ் இல்ல, தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருச்செங்கோடு பக்கமெல்லாம் அதுக்குள்ளதான்.

தலைக்கட்டு வரி கட்டினவங்களுக்குத்தான் பேச்சு

நம்ம ஊர்ல மாரியம்மன் பண்டிகை வந்தா தலைக்கட்டு வரி போடுவாங்க தெரியும்ல. வரி குடுத்த வீட்டுக்குத்தான் ஊர்க்கூட்டத்துல பேச்சு, குடுக்காதவன் கோயில் வாசல்ல நிக்கலாம், கும்பிடலாம், ஆனா பூசாரிய மாத்தறதா வேணாமான்னு முடிவு பண்றப்ப அவன எண்ணிக்கைல சேக்க மாட்டாங்க. நிறைய ஊர்ல ஆம்பளை தலைதான் கணக்கு, பொம்பளைங்க வீடு வீடா மாவிளக்கு எடுத்தாலும் கூட்டத்துல பேரு இருக்காது.

1920 தேர்தல்ல வாக்குரிமை ஏறக்குறைய இந்த மாதிரிதான் இருந்துச்சு. வாக்குரிமைன்னா ஓட்டுப் பட்டியல்ல பேர் ஏறறதுக்கான தகுதி. இன்னைக்கு அதுக்கு 18 வயசு ஆனா போதும், அன்னைக்கு சொத்து வேணும். கிராமத்துல ஆண்டு மதிப்பு 10 ரூபாய்க்கு கொறையாத நிலம் வெச்சிருக்கணும், டவுன்ல குறிப்பிட்ட அளவு சொத்து வரி கட்டணும், இல்லைன்னா வருமான வரி கட்டறவரா இருக்கணும், பட்டாளத்துல இருந்து ரிட்டையர் ஆனவங்களுக்கும் உண்டு. பொம்பளைங்களுக்கு சொத்தே இருந்தாலும் 1920ல கிடையாது.

இப்ப நம்பர பாருங்க. மாகாணத்து ஜனத்தொகை 4 கோடிக்கு மேல. ஓட்டு இருந்தவங்க 12,48,156 பேர். அதுல போய் ஓட்டு போட்டவங்க 3,03,558 பேர். ஆடிப் பண்டிகை நேரத்துல ஜங்ஷன்ல இருந்து கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு போற டவுன் பஸ்ல 100 பேர் தொங்கிட்டு போறாங்கன்னு வெச்சுக்குங்க, அதுல 3 பேருக்குத்தான் பஸ் எந்தப் பக்கம் போகணும்னு சொல்ற உரிமை, அந்த 3 பேர்லயும் ஒருத்தர்கூட முழுசா வாயத் திறக்கல.

ஏன் இவ்வளவு கம்மி? சொத்துக் கணக்கு ஒரு காரணம், காங்கிரஸ் ஒத்துழையாமை இயக்கத்துக்குப் போய் சட்டசபைத் தேர்தலையே புறக்கணிச்சது இன்னொரு காரணம். அந்த வருஷம் டிசம்பர்ல நாக்பூர்ல நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு தலைமை தாங்கினவர் யாரு தெரியுமா, நம்ம சேலம் விஜயராகவாச்சாரியார். அவரே 1895ல இருந்து 1901 வரைக்கும் சென்னை சட்டசபைல உறுப்பினரா இருந்தவர்தான், ஆனா அன்னைக்கு இருந்த முறைல சாதாரண ஜனம் நேரா ஓட்டு போடற வழியே இல்ல, முனிசிபாலிட்டி, ஜில்லா போர்டு மாதிரி அமைப்புகள் பேர் குடுத்து அனுப்பும், அவ்வளவுதான். அந்த வகைல பாத்தா 1920 பெரிய தாண்டல், அதை நான் கொறைச்சு சொல்ல மாட்டேன். கட்சின்னு ஒண்ணு, பிரச்சாரம்னு ஒண்ணு, நேரடி ஓட்டுன்னு ஒண்ணு நம்ம மாகாணத்துக்கு அன்னைக்குத்தான் உண்மைல வந்துச்சு. அதை "மக்கள் தீர்ப்பு"ன்னு சொல்றப்பதான் எனக்கு ஆயாவோட அம்மா ஞாபகம் வருது.

இன்னொண்ணு, எல்லாருக்கும் ஒரே ஒரு ஓட்டுங்கறதும் அன்னைக்கு இல்ல. பொதுவான தொகுதிகள் போக ஜமீன்தார்களுக்கு, யுனிவர்சிட்டி பட்டதாரிகளுக்கு, வியாபார சங்கங்களுக்கு, தோட்ட முதலாளிகளுக்குன்னு சிறப்புத் தொகுதிகள் இருந்துச்சு. தகுதி இருந்தா ஒரே ஆளுக்கு பொதுத் தொகுதில ஒண்ணு, சிறப்புத் தொகுதில ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல ஓட்டு. ஏற்காடு மலைல நினைச்சுப் பாருங்க, எஸ்டேட் தொரைக்கு ஐரோப்பியர் தொகுதில ஒரு ஓட்டு, தோட்ட முதலாளிங்கற வகைலயும் ஓட்டு. அவர் தோட்டத்துல கூடை சுமந்த அத்தனை பேருக்கும் சேத்து ஒண்ணுகூட இல்ல.

1921ல ஒரு நல்ல விஷயம் நடந்துச்சு. புதுசா வந்த அந்த சட்டசபையே பெண்கள்ங்கற தடைய எடுத்துவிட்டுச்சு, இந்தியாவுலயே மாகாணங்கள்ல இதுதான் முதல். ஆனா சொத்து நிபந்தனை அப்படியே இருந்ததால, தன் பேர்ல நிலமோ வரியோ இருக்கற பொம்பளைங்களுக்குத்தான் அது போய் சேர்ந்துச்சு, அன்னைக்கு அப்படி எத்தனை பேர் இருந்திருப்பாங்க சொல்லுங்க.

இதுவரைக்கும் பாத்தது இதுதான்: 1920ல ஓட்டுங்கறது சொத்து இருக்கற ஆம்பளைங்களோட உரிமை, நூத்துக்கு மூணு பேர், அதுலயும் நாலுல ஒருத்தர்தான் போட்டாங்க.

"தனித்தொகுதி"ங்கற வார்த்தைல வர குழப்பம்

இதுதான் ரொம்ப பேர் சறுக்கற இடம், அதனால கொஞ்சம் நிதானமா போறேன்.

இன்னைக்கு ஏற்காடு தனித்தொகுதி, பழங்குடியினருக்கு ஒதுக்கினது. நிக்கறவங்க பழங்குடி சமூகத்துல இருந்துதான் வரணும், ஆனா ஓட்டு போடறது அந்தத் தொகுதில இருக்கற எல்லாரும்தான், மலை மேல இருக்கறவங்களும் போடறாங்க, கீழ வாழப்பாடி பக்கம் இருக்கறவங்களும் போடறாங்க. இதுக்கு பேர் இட ஒதுக்கீட்டுத் தொகுதி.

வெள்ளைக்காரன் காலத்துல இன்னொரு முறை இருந்துச்சு, தனி வாக்காளர் தொகுதி. அதுல நிக்கறவர் மட்டும் இல்ல, ஓட்டு போடறவங்களும் அந்த சமூகத்துக்காரங்க மட்டும்தான். ஊர்க்கூட்டத்துல கீழத்தெருவுக்கு ஒரு இடம்னு வெச்சுக்குங்க. கீழத்தெரு ஆள்தான் வரணும், ஆனா யாருன்னு ஊரே கூடி முடிவு பண்ணும்னா அது இட ஒதுக்கீடு. கீழத்தெரு ஆள யாருன்னு கீழத்தெருவே முடிவு பண்ணிக்கும், மத்த தெரு வாயத் திறக்கக் கூடாதுன்னா அது தனி வாக்காளர் தொகுதி. ஊரே முடிவு பண்ணுனா கீழத்தெருவுக்காக சத்தம் போடற ஆள விட்டுட்டு மேலத்தெருவுக்கு தலையாட்டற ஆள தேர்ந்தெடுத்துருவாங்கன்னு ஒரு பயம், தனித்தனியா முடிவு பண்ணுனா ஊரே ரெண்டா நிக்கும்னு இன்னொரு பயம். ரெண்டு பயத்துக்கும் நியாயம் இருந்துச்சு.

1920 சென்னைல இந்த ரெண்டு முறையும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சுங்கறதுதான் முக்கியம். முஸ்லிம்கள், இந்திய கிறிஸ்தவர்கள், ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் இவங்களுக்கு தனி வாக்காளர் தொகுதி. பிராமணரல்லாதவங்களுக்கு 28 இடம், ஆனா அது இட ஒதுக்கீடு, ஓட்டு பொதுவுல. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு தேர்தலே இல்ல, கவர்னர் பாத்து நியமிக்கறதுதான், அந்த மக்களோட தலைவர் எம்.சி. ராஜா அப்படித்தான் உள்ள போனார், பின்னாடி இன்னொரு தலைவர் ரெட்டைமலை சீனிவாசனும்.

அந்த ரெட்டைமலை சீனிவாசன்தான் அம்பேத்கரோட லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய் உரிமை கேட்டார். 1932 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் அரசு தனி வாக்காளர் தொகுதி குடுத்துச்சு, அதோட பொதுத் தொகுதிலயும் இன்னொரு ஓட்டு. காந்தி எரவாடா ஜெயில்ல உண்ணாவிரதம் இருந்தார், செப்டம்பர்ல பூனா ஒப்பந்தம் வந்துச்சு. தனி வாக்காளர் தொகுதி போச்சு, இட ஒதுக்கீடு வந்துச்சு, சென்னை மாகாணத்துக்கு 18ஆ இருந்த இடம் 30 ஆச்சு. எண்ணிக்கை கூடுச்சு, ஆனா தன் ஆள தானே தேர்ந்தெடுக்கற உரிமை போச்சு, அதுக்கு பதிலா முதல் சுற்றுல மட்டும் அந்த சமூக வாக்காளர்கள் நாலு பேர தேர்ந்தெடுப்பாங்க, அந்த நாலுல ஒருத்தர பொது ஓட்டு முடிவு பண்ணும்னு ஒரு ஏற்பாடு. இதுல யாருக்கு லாபம் யாருக்கு நட்டம்ங்கற சண்டை இன்னைக்கும் முடியல, என் மனசுக்கு அம்பேத்கர் பக்கம்தான் நியாயம் அதிகமா படுது. ஆனா சண்டை போடறவங்க ரெண்டு முறைக்கும் வித்தியாசம் தெரிஞ்சு போடணும்.

சமையல்கட்டு ஒருத்தர்கிட்ட, பீரோ சாவி ஒருத்தர்கிட்ட

இப்ப ரெண்டாவது கேள்வி. ஜெயிச்சவங்களால என்ன செய்ய முடிஞ்சுச்சு?

கூட்டுக் குடும்பத்துல புது மருமக வரா. "இனி இந்த வீடு உன்னோடதும்மா"ன்னு மாமியார் சொல்றாங்க. சமையல், புள்ளைங்க படிப்பு, உடம்பு சரியில்லைன்னா ஆஸ்பத்திரி, தோட்டத்துக்கு தண்ணி விடறது எல்லாம் மருமக பொறுப்பு. பீரோ சாவி மட்டும் மாமியார் இடுப்புல. வாசல் கேட் பூட்டும் அவங்ககிட்டதான். மருமக ஒரு செலவு பண்ணனும்னா போய் நிக்கணும், இல்லைன்னு சொன்னா இல்லைதான்.

1919ல வந்த சட்டம் கொண்டு வந்த முறைக்குப் பேர் இரட்டை ஆட்சி, அதாவது மாகாண அரசு வேலைகள ரெண்டா பிரிச்சு, ஒரு பகுதிய தேர்தல்ல வந்த மந்திரிங்ககிட்ட குடுத்துட்டு, இன்னொரு பகுதிய கவர்னரும் அவரோட நிர்வாகக் குழுவும் கைலயே வெச்சுக்கற ஏற்பாடு. கல்வி, பொது சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி, கலால் (கள்ளு, சாராயம் மேல வர வரி) இதெல்லாம் மந்திரிங்களுக்கு. நிதி, போலீஸ், நிலவரி கவர்னர் பக்கம். அதனால 63 சீட்டு ஜெயிச்ச கட்சியால ஒரு போலீஸ்காரர மாத்த முடியாது, நிலவரில ஒரு அணா கொறைக்க முடியாது.

அப்படியும் அந்த சின்ன இடத்துல அவங்க வேலை செஞ்சாங்க. அரசு வேலைய சமூகவாரியா பிரிச்சுக் குடுக்கற வகுப்புவாரி பிரதிநிதித்துவ அரசாணை 1921ல வந்தது, கோயில் நிர்வாகத்த ஒழுங்குபடுத்தற இந்து சமய அறநிலையச் சட்டம் 1925ல நிறைவேறினது எல்லாம் அந்த பாதி அதிகாரத்துல நடந்ததுதான். பீரோ சாவி இல்லாமலே இவ்வளவு செஞ்சாங்கன்னு சொல்றதுதான் அவங்களுக்கு உண்மையான மரியாதைன்னு நான் நினைக்கறேன்.

குமாரமங்கலத்துக்காரர் எப்படி முதல் மந்திரி ஆனாரு

இரட்டை ஆட்சி எப்படி ஓடுச்சுன்னு புரியணும்னா 1926 தேர்தல பாத்தா போதும், அதுவும் நம்ம ஜில்லா கதை.

அந்தத் தேர்தல்ல அதிக இடம் சுயராஜ்யக் கட்சிக்கு, அதாவது சட்டசபைக்குள்ள போகணும்னு நினைச்ச காங்கிரஸ்காரங்க ஆரம்பிச்ச கட்சிக்கு, 98ல 41. நீதிக்கட்சி 21தான். இன்னைக்கா இருந்தா ரிசார்ட்டு, கூட்டணின்னு ஓடியிருக்கும். ஆனா சுயராஜ்யக் கட்சி இரட்டை ஆட்சில மந்திரியா உக்கார மாட்டோம்னு கொள்கையா சொல்லிட்டாங்க. நீதிக்கட்சிக்கும் பலம் இல்ல. கவர்னர் யார கூப்ட்டாரு தெரியுமா, திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன், எந்தக் கட்சியும் இல்லாத சுயேச்சை. அவர்தான் 1926ல இருந்து 1930 வரைக்கும் முதல் மந்திரி. கட்சி இல்லாம எப்படி மெஜாரிட்டி? சட்டசபைல தேர்தல்ல வராத நியமன உறுப்பினர்கள் இருந்தாங்க, கவர்னர் போட்ட ஆளுங்க, அவங்க கை தூக்கினா கணக்கு சரியாகிடும். அதாவது தேர்தல்ல யார் ஜெயிச்சாங்கங்கறதும் யார் ஆண்டாங்கங்கறதும் ரெண்டு தனித்தனி விஷயமா இருக்க முடிஞ்சுச்சு.

அவர் வீட்டம்மா ராதாபாய் சுப்பராயனும் சாதாரண ஆள் இல்ல, வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவங்க, 1938ல டெல்லி மேல்சபைக்கு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்மணி. நம்ம ஊர்ல இவங்க பேர எத்தனை பேருக்குத் தெரியும்னு நினைச்சா வருத்தமாத்தான் இருக்கு.

சுருக்கமா, ஓட்டு இருந்தவங்க கொஞ்சம், ஓட்டு வாங்கி வந்தவங்களுக்கு அதிகாரம் பாதி, அந்த பாதியும் கவர்னர் விருப்பத்தோட சேர்ந்து ஓடினது.

1937, மஞ்சள் பெட்டி

1935ல புதுச் சட்டம். இரட்டை ஆட்சி மாகாணத்துல போச்சு, எல்லாத் துறையும் மந்திரிங்ககிட்ட வந்துச்சு, இதுக்குப் பேர் மாகாண சுயாட்சி. சென்னை சட்டசபை 215 இடமாச்சு, அதோட மேலவைன்னு இன்னொரு சபையும் வந்துச்சு. 215ல பொது இடம் 146, அதுக்குள்ளதான் அந்த 30ம். முஸ்லிம்களுக்கு 28, கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, தொழிலாளர்களுக்கு 6, ஜமீன்தார்களுக்கு 6, வியாபாரம், தொழில், தோட்ட முதலாளிகள் எல்லாம் சேத்து 6, இப்படிப் போகும்.

ஓட்டு இருந்தவங்களும் கூடினாங்க. வரி, நிலம் போக எழுதப் படிக்கத் தெரிஞ்சாலும் ஓட்டுன்னு வந்துச்சு, குறிப்பிட்ட அளவு சொத்து இருக்கறவரோட மனைவிக்கும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியா முழுக்க சேத்து சுமார் 3 கோடி பேர். பல மடங்கு ஏத்தம்தான், ஆனா வயசு வந்தவங்கள்லயே பெரும்பாலானவங்க இன்னும் வெளியதான். நிலமும் இல்லாம எழுத்தும் தெரியாம கூலி வேலைக்குப் போன வீடுகள் அப்படியே நின்னுச்சு.

படிக்காத வாக்காளரும் இருப்பாங்களே, அவங்க எப்படி போடறது? ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கலர் பெட்டி. காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. "மஞ்சள் பெட்டிக்கு ஓட்டு போடுங்க"ன்னுதான் ஊர் ஊரா கேட்டாங்க. சீட்ட வாங்கி பிடிச்ச கலர் பெட்டில போட வேண்டியதுதான். இன்னைக்கு நம்ம பாக்கற சின்னத்துக்கு முன்னாடி இருந்த வடிவம் இது. காங்கிரஸ் 159 ஜெயிச்சுது, நீதிக்கட்சி நொறுங்கிப் போச்சு. அந்தக் கட்சி அதுக்கப்புறம் பெரியார் தலைமைக்கு வந்து, 1944 ஆகஸ்ட் 27ல நம்ம சேலத்துல கூடித்தான் திராவிடர் கழகம்னு பேர் மாத்திக்கிச்சு, தேர்தல்ல நிக்கறதில்லைங்கற வழிக்கும் போச்சு.

ஜெயிச்ச உடனே காங்கிரஸ் மந்திரிசபை அமைக்கல. கவர்னருக்கு சிறப்புப் பொறுப்புகள்னு சட்டத்துல ஒரு கதவு திறந்தே இருந்துச்சு, அத வெச்சு தினசரி வேலைல தலையிட மாட்டோம்னு சொல்லுங்கன்னு பிரிட்டிஷ் அரசுகிட்ட காங்கிரஸ் கேட்டுச்சு. நடுவுல கூர்மா வெங்கட ரெட்டி நாயுடு தலைமைல மெஜாரிட்டி இல்லாத ஒரு இடைக்கால அரசு ஏப்ரல்ல இருந்து ஜூலை வரைக்கும் ஓடுச்சு. அப்புறம்தான் ராஜாஜி வந்தாரு. சேலத்துல வக்கீலா இருந்து, சேலம் முனிசிபாலிட்டிக்கு சேர்மனா இருந்தவர், 1937ல நின்னது சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதில, அங்க ஓட்டு பட்டதாரிகளுக்குத்தான். அன்னைக்கு அந்தப் பதவிய பிரதம மந்திரின்னு சொல்வாங்க, பழைய பேப்பர் கட்டிங் பாத்துட்டு ராஜாஜி இந்தியாவுக்கே பிரதமரா இருந்தாருன்னு நினைச்சுக்காதீங்க, அது மாகாணத்தோட முதல்வர் பதவிதான்.

பீரோ சாவி வந்ததும் முதல்ல சேலத்துல

மாகாண சுயாட்சின்னா என்னன்னு இந்தியாவுலயே முதல்ல உடம்புல உணர்ந்த ஜில்லாக்கள்ல நம்மளுதும் ஒண்ணு. ராஜாஜி அரசு 1937 அக்டோபர் 1ல மதுவிலக்க சேலம் ஜில்லால கொண்டு வந்துச்சு, மாகாணத்துலயே முதல்ல இங்கதான், அப்புறம்தான் சித்தூர், கடப்பா, வட ஆற்காடு. கள்ளுக்கடை, சாராயக்கடை வருமானம் போனா கஜானால ஓட்டை விழும்ல, அதை அடைக்க 1939ல விற்பனை வரி போட்டாங்க. பழைய இரட்டை ஆட்சில கலால் மந்திரிகிட்ட, நிதி கவர்னர் ஆளுகிட்டன்னு பிரிஞ்சு கிடந்ததால இப்படி ஒரு கைல விட்டு இன்னொரு கைல பிடிக்கறது கஷ்டம். ரெண்டு சாவியும் ஒரே இடுப்புக்கு வந்ததாலதான் முடிஞ்சுச்சு. 1920க்கும் 1937க்கும் உள்ள வித்தியாசத்த இதவிட தெளிவா காட்ட எனக்கு வேற உதாரணம் தெரியல.

அதே அதிகாரத்துலதான் 1938ல பள்ளிகள்ல கட்டாய இந்தியும் வந்துச்சு, அதுக்கு எதிரா பெரிய போராட்டமும் நடந்துச்சு.

ஆனா வீட்டுக்கு சொந்தக்காரன் யாருங்கறது 1939ல தெரிஞ்சு போச்சு. உலகப்போர் வந்ததும் வைஸ்ராய் லின்லித்கோ இங்க யாரையும் கேக்காம இந்தியாவும் போர்ல இருக்குன்னு அறிவிச்சாரு, காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா பண்ணுச்சு, சென்னைல சட்டத்தோட 93வது பிரிவ வெச்சு கவர்னர் நேரடி ஆட்சி, அது 1946 வரைக்கும் ஓடுச்சு. தேர்தல்ல வந்த 215 பேர் இருந்த சட்டசபை ஆறு வருஷத்துக்கு மேல முடங்கிக் கிடந்துச்சு.

1946ல மறுபடி தேர்தல், அதே 1935 சட்டத்து வாக்குரிமைதான். அந்த சட்டசபைகள்தான் அரசியல் சட்டத்த எழுதின அரசியல் நிர்ணய சபைக்கு ஆள் அனுப்புச்சு, நம்ம குமாரமங்கலம் சுப்பராயனும் அதுல ஒருத்தர். இதை நினைக்கறப்ப எல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். சொத்தும் படிப்பும் இருந்தவங்க ஓட்டுல வந்த சபைங்க அனுப்பின ஆளுங்க உக்காந்து, சொத்து வேணாம், படிப்பு வேணாம், வயசு ஆனா போதும்னு எழுதினாங்க.

1952 தேர்தல்ல எங்க ஆயாவுக்கு முதல் ஓட்டு. மலைல லைன் வீட்டுல இருந்து பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து விடிகாலைலயே நடந்து போனாங்களாம், சின்னம் ஒட்டின பெட்டிங்க வரிசையா இருந்துச்சாம், எதுல போட்டேன்னு தாத்தா எத்தனை தடவை கேட்டும் சாகற வரைக்கும் சொல்லவே இல்ல. அவங்கம்மா அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே போய் சேர்ந்துட்டாங்க.